தபால்காரியை யாரும் எடுக்கவில்லை

காலணியைக் கழற்றி அலமாரியில் வைப்பதற்குள்ளேயே மினோரியின் சட்டையில் மஞ்சள் வில்லை ஒன்றை ஒட்டிவிட்டார்கள். 'இன்னும் முடிக்கவில்லை' என்று அதில் கையால் எழுதியிருந்தது. தொயாமா ஊர்ப் பொதுக்கூடத்தின் இரண்டாம் மாடி அறையில் அன்று கூடியிருந்தது முப்பத்திரண்டு பேர். வில்லை அவள் ஒருத்திக்குத்தான்.

முப்பத்திரண்டு பேரும் 'நுரைத்தீவு விடுதி'யின் பைத்தியங்கள். கணினியில் படிக்கிற நாவல் அது. படம் தெரியும், இசை ஓடும், ஆட்கள் பேசுவார்கள், படிப்பவர் வரிவரியாகத் தட்டித் தட்டிப் போக வேண்டும். கடலுக்கு நடுவே ஒரு விடுதி, அதில் ஒரு கொலை, எட்டுப் பாகம். யார் கொன்றது என்பது எட்டாவதில்தான் வரும். அந்த நாவலைச் செய்தவர்களே பிறகு விளையாட்டாக ஒரு சண்டை ஆட்டத்தையும் செய்து வெளியிட்டார்கள். நாவலில் பயந்து நடுங்கிய ஆட்களெல்லாம் அதில் விசாரணையை மறந்துவிட்டு ஒருவரை ஒருவர் வெளுத்து வாங்குவார்கள். சமையல்காரர் வாணலியால் அடிப்பார். டாக்டர் ஊசி வீசுவார். தபால்காரி தோள்பையைச் சுழற்றினால் எதிராளி திரையின் அந்த மூலைக்குப் போய் விழுவான். ஆடுவது இரண்டிரண்டு பேராக. ஒருவர் அடி வாங்கிக் களைத்தால் பின்னால் போய் மூச்சு வாங்க, கூட்டாளி முன்னால் வருவார்.

அன்றைக்கு அந்தச் சண்டை ஆட்டத்தின் போட்டி. ஆனால் மினோரியின் நினைப்பெல்லாம் போட்டியில் இல்லை, கையில் இருந்த உறையில்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எட்டாம் பாகத்தைத் திறப்பதற்கு முன்னால், கொன்றது யார், ஏன் அப்படி நினைக்கிறோம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். படித்து முடித்த பிறகு எல்லோர் முன்னாலும் பிரிப்பார்கள். சரியாகச் சொன்னவர் பெயர் சுவரில் இருக்கும் மரப்பலகையில் ஏறும். பதினோரு வருடத்தில் பலகையில் ஏறியது இரண்டே பெயர். மூன்றாவதாகத் தன் பெயர் வர வேண்டும் என்று மினோரி இரண்டு வருடமாகத் தவம் கிடந்தாள். மருந்துக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. சாப்பாட்டு இடைவேளையில் உடன் வேலை செய்பவர்கள் வம்பு பேச, இவள் மட்டும் நோட்டுப் புத்தகத்தில் யார் எத்தனை மணிக்கு எந்த அறையில் இருந்தார் என்று கட்டம் போட்டுக்கொண்டிருப்பாள்.

உறையை வாங்கிக்கொண்டது சுமிரே அக்கா. குழுவின் தலைவி, டிராம் ஓட்டுநர். பலகையில் இருக்கும் இரண்டு பெயரில் ஒன்று அவருடையது. உறையைக் குலுக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே. எத்தனை பக்கம்?"

"மூணு, அக்கா."

"நான் ஒன்றரைதான் எழுதினேன்." பிஸ்கட் டப்பாவுக்குள் உறையைப் போட்டு மூடினார். "இன்னிக்குப் போட்டி முடியறவரைக்கும் ஒரே ஒரு தடவை திரும்ப எடுக்கலாம். அதுக்கப்புறம் கேட்டா கிடையாது."

"எடுக்க மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

போட்டி தொடங்குமுன் சுமிரே அக்கா ஒரு தாளை வைத்துக்கொண்டு அறிவிப்புப் படித்தார். டிராமில் பேசிப் பேசி, எதைப் படித்தாலும் அடுத்த நிறுத்தம் சொல்வது மாதிரிதான் வரும். "கணினி பழசு, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். டாக்டர் மூணாவது ஊசி வீசினா சத்தம் போயிரும், தானா வரும், பதற வேண்டாம். சிவப்பு டேப் சுத்தின கன்ட்ரோலர்ல இடது பொத்தானை ரெண்டு தடவை அழுத்தணும். அப்புறம்..." கண் மினோரியின் மஞ்சள் வில்லையில் வந்து நின்றது. தாளை மடித்தார். "அப்புறம் ஒண்ணுமில்ல. படிக்கட்டுல பனித்தண்ணி, பாத்து நடங்க."

மினோரியின் கூட்டாளி தெத்சுயா. அவளைவிட ஆறு வயது மூத்தவன், அதே கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்டுகிறான், நாவலை எப்போதோ முடித்துவிட்டான். ஒரு மாதமாக இருவரும் அவன் வீட்டில் பழகியது டாக்டரும் தபால்காரியுமாக. டாக்டர் அவளுக்கு, தபால்காரி அவனுக்கு. முதல் ஆட்டத்தில் உட்கார்ந்ததும் தெத்சுயா சமையல்காரரை எடுத்தான்.

"அண்ணா, என்ன இது?"

"இன்னிக்கு என்னமோ வாணலி பிடிக்கணும்னு தோணுச்சு."

"ஒரு மாசம் தோள்பையைச் சுத்திப் பழகிட்டு, இன்னிக்கு வாணலியா?"

"தோள் வலி" என்றான் தெத்சுயா. திரையைப் பார்த்துச் சொன்னான்.

வாணலியோடே அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அடுத்ததிலும் ஜெயித்தார்கள். ஆனால் மினோரிக்குக் கை ஆட்டத்தில் இருந்தாலும் மூளை நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது. மற்றவர்கள் ஆடும்போது யார் யாரை எடுக்கிறார்கள் என்று கோடு போட்டாள். டாக்டர் ஒன்பது. இரட்டையர் ஏழு. பியானோக்காரர் ஐந்து. விடுதிக்காரரின் விதவைக்குக்கூட நான்கு, அவள் விசிறியால் அடிப்பதைவிடக் கொசுக்கடி வலிக்கும். தபால்காரிக்கு ஒரு கோடும் இல்லை. இருப்பதிலேயே பலசாலி அவள்தான். ஆனாலும் ஒருவரும் எடுக்கவில்லை.

மதியம் கொம்பு என்ற கடற்பாசி ஒட்டிய சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டாள். "அண்ணா, தபால்காரியை ஏன் யாருமே தொட மாட்டேங்கறாங்க?"

தெத்சுயாவுக்குப் புரையேறியது. பக்கத்து மேசையில் சலூன் நடத்தும் தகுமா ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். அங்கே கார் நிறுத்தும் இடம் மட்டும்தான் இருந்தது. அவர் மனைவி ரிசா காலிக் கோப்பையில் தேநீர் குடித்தார்.

"யாரு?" என்றான் தெத்சுயா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஓ, அவளா. அப்படியா, யாரும் எடுக்கலியா? நான் கவனிக்கல."

மினோரி மேலே கேட்கவில்லை. விளங்கிவிட்டது. தான் இன்னும் படித்து முடிக்கவில்லை என்பதற்காக அறை முழுக்க அந்த ஒருத்தியை ஒதுக்கி வைத்திருக்கிறது. நல்ல மனசு, ஆனால் ஒளித்து வைக்கிறோம் என்று இப்படி எல்லோரும் ஒரே இடத்தில் முதுகைத் திருப்பினால், ஒளித்த இடம் எதுவென்று குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

அவள் எழுதிக் கொடுத்திருந்தது டாக்டரை. மூன்று பக்கம். டாக்டரின் கைக்கடிகாரம் பத்து நிமிடம் தாமதமாக ஓடுவதில் தொடங்கி, வாதத்தில் ஒரு ஓட்டை கிடையாது.

சுமிரே அக்காவிடம் போய் உறையைக் கேட்டாள். அவர் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வெளியே தானியங்கிப் பானப்பெட்டிக்குப் பக்கத்தில், சூடான சோளச் சூப் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இது தானாகக் கண்டுபிடித்ததா, பார்த்து எழுதுவதா? துப்பு எங்கே கிடைத்தாலும் துப்புதானே என்று ஒரு மனசு சொன்னது. வெட்கமாக இல்லையா என்று இன்னொன்று கேட்டது. பலகை கண்ணுக்குள் வந்தது. மூன்று பக்கத்தையும் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: 'தபால்காரி. காரணம்: அவளை யாரும் எடுக்கவில்லை.' உறையை ஒட்டி, ஓடிப்போய் டப்பாவில் போட்டுவிட்டு வந்தாள்.

இறுதி ஆட்டம் தகுமா, ரிசா தம்பதியோடு. தகுமா உட்காரும்போதே ஆரம்பித்தார். "வாம்மா டாக்டரம்மா. முடி கொஞ்சம் நீளமா இருக்கே. தோத்ததும் கடைக்கு வா, சும்மாவே வெட்டி விடறேன்."

"உங்க கடைல வெட்டிக்கிட்டவங்க எல்லாம் தொப்பியோடதான் திரியறாங்க" என்றாள் மினோரி.

"குளிர்காலம்மா இது."

"ஆகஸ்ட்லயும் பாத்தேன்" என்றார் ரிசா, கணவரைப் பார்க்காமலே.

சிரிப்பு அடங்கியது. துப்பறியும் கதைகளில் துப்பறிவாளர் கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார் இல்லையா, அந்த ஆசை மினோரிக்கு வந்துவிட்டது. டாக்டரைத் தாண்டினாள். இரட்டையரைத் தாண்டினாள். தபால்காரியின் மேல் வந்து பொத்தானை அழுத்தினாள்.

சுமிரே அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "மினோரி, வேணாம்" என்றான் தெத்சுயா, அழாத குறையாக.

அவள் திரும்பி முகங்களைப் பார்த்தாள். முப்பத்தொரு முகத்திலும் ஒரே பீதி. அவளுக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது. சரியாகப் பிடித்துவிட்டோம். இனி எனக்காக யாரும் ஒதுங்க வேண்டாம் என்று காட்டுவது போல, மணி அடித்ததும் தபால்காரியின் பையைத் திறந்தாள்.

பை பாதி திறந்தது. அப்படியே நின்றது. தகுமாவின் பியானோக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி காற்றில் நின்றார். இசையில் கடைசியாக வந்த சுரம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. கணினி உறைந்துவிட்டது.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தகுமாதான், "இப்ப யாரு சொல்றது?" என்றார்.

சுமிரே அக்கா பெருமூச்சு விட்டார். "போன மாசம் இந்தக் கணினிக்கு உள்ள ஏதோ மாத்தினாங்க. அதுலேருந்து இவ பையைத் திறந்தா எல்லாம் நின்னுருது. நேத்தே எல்லாருக்கும் செய்தி அனுப்பிட்டேன், இவளை யாரும் எடுக்காதீங்கன்னு."

"எனக்கு வரலியே, அக்கா."

"உனக்கு அனுப்பல."

மினோரி கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தாள். "கணினி நின்னுரும்னுதான் யாரும் எடுக்கலியா?"

"வேற எதுக்கு?"

காதுமடல் சுட்டது. இரண்டு வருட உழைப்பை, ஒரு பழைய கணினியின் வியாதியைப் பார்த்து மாற்றி எழுதியிருக்கிறாள். குழுவின் விதிப்படி ஆட்டத்தை உறைய வைத்த அணி தோற்றதாகக் கணக்கு. பரிசாக வைத்திருந்த, மூங்கில் இலையில் மடித்த மீன் சுஷி வட்டப்பெட்டியைத் தகுமா தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "எங்க வீட்டுக்கு வர்ற தபால்காரர் வரி நோட்டீஸ்தான் கொண்டுவருவாரு. முதல் தடவையா ஒரு தபால்காரி நல்ல சேதி கொண்டுவந்திருக்கா."

மினோரி நேராக சுமிரே அக்காவிடம் போனாள். "அக்கா, உறை..."

"ஒரு தடவைன்னு சொன்னேன்."

"தப்பா எழுதிட்டேன்."

"தப்பா சரியான்னு உனக்கு எப்படித் தெரியும்? போய்ப் படி."

அந்த வாரமே எட்டாம் பாகத்தைத் திறந்தாள். டாக்டராக இருக்கட்டும், தோற்றாலும் நான் யோசித்தது சரி என்றாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தட்டித் தட்டிப் போனாள். வியாழக்கிழமை வேலைக்குப் போகும் டிராமில், மடியில் விரித்த கணினியில் அந்த இடம் வந்தது. விடுதிக்காரரைக் கொன்றது தபால்காரி.

மினோரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. உறையைப் பிரித்தால் விடையை மட்டும் படிக்க மாட்டார்கள். காரணத்தையும் சத்தமாகப் படிப்பார்கள்.

படித்தார்கள். இரண்டு ஞாயிறு கழித்து, அதே அறையில். "தபால்காரி" என்று சுமிரே அக்கா சொன்னதும் கைத்தட்டல் கூரையைத் தொட்டது. தெத்சுயா அவள் முதுகில் ஓங்கித் தட்டினான். "காரணம்" என்று படிக்கத் தொடங்கிய சுமிரே அக்கா நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு அடுத்த நிறுத்தம் சொல்லும் அதே குரலில் படித்து முடித்தார். "அவளை யாரும் எடுக்கவில்லை."

தகுமா பாயில் உருண்டார்.

"அப்போ எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றாள் மினோரி. "டாக்டர் ஊசி போட்டா சத்தம் போயிரும்னு சொன்னீங்க. இதையும் அதோட சேத்துச் சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது?" என்றான் தெத்சுயா. "குத்தவாளி பேரை உன் முன்னாடி எடுக்கவே கூடாதுன்னு பயம். நீ யாரு, சாப்பாட்டு நேரத்துலகூட நோட்டுல கட்டம் போடற ஆளு. தபால்காரியை எடுக்காதேன்னு சொன்னா, அதுலேருந்து நீ பிடிச்சிருவியோன்னு எல்லாரும் கூடிப் பேசித்தான் வாயை மூடிக்கிட்டோம்."

"நீங்க வாயை மூடினதுலேருந்துதான் பிடிச்சேன்."

இந்தத் தடவை சுமிரே அக்காவும் சிரித்துவிட்டார். மினோரி கோட்டுப் பையிலிருந்து அந்த மூன்று பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். "நான் உண்மையா யோசிச்சது இதுதான். டாக்டர். தப்பு. அதனால பலகைல என் பேர் வேணாம், அக்கா. நான் கண்டுபிடிக்கல."

சொல்லிவிட்டாளே தவிர, பலகையின் பக்கம் பார்க்க முடியவில்லை.

சுமிரே அக்கா மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் தலையாட்டினார். "கடிகார விஷயம் எனக்குத் தோணவே இல்ல" என்றார். தூரிகையை மையில் தோய்த்துப் பலகைக்குப் போனார்.

"அக்கா, நான் வேணாம்னு..."

"முப்பத்தொரு பேர் கூடிப் பொத்தி வெச்சதை ஒருத்தி பிடிச்சிருக்கா. வண்டி கிளம்பிருச்சு, கையைக் காலை உள்ள வை."

மூன்றாவது பெயராக மினோரி என்று எழுதினார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'துப்புக் கொடுத்து உதவியவர்கள்: நாங்கள் முப்பத்தொரு பேர்.'

மினோரி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, உறை பிரிக்கும்வரை இருக்கட்டும் என்று அன்றும் சட்டையில் ஒட்டிவிட்டிருந்த மஞ்சள் வில்லையை உரித்தாள். எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தவள், மூலையில், யாரோ ஆசைப்பட்டு அவளை எடுத்துப் பார்த்ததில், தபால்காரியின் பாதி திறந்த பையோடு மறுபடி உறைந்து நின்றிருந்த கணினியின் நெற்றியில் அதை ஒட்டினாள்.