நெற்றியில் பூசிய பீங்கான்

1982 ஆனி மாதம், புளியங்குடியில் எலுமிச்சை விலை இறங்கிய அதே வாரம், தென்காசியில் லாரிப் பட்டறை வைத்திருந்த வல்லிநாயகத்தின் மனைவி கல்யாணசுந்தரியின் உடம்பிலிருந்து சூடு வெளியே வருவது நின்றுபோனது. தொட்டால் கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்று இருந்தாள். உள்ளே உலை கொதிக்கிறது என்று சொன்னாள். வல்லிநாயகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடத்துக்கு முன் கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் கேட்டதில்லை. பட்டறைச் சத்தத்தில் காது மந்தம் என்பார். சீட்டாடக் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது நன்றாகவே கேட்கும்.

காரணம் பீங்கான் மாவு. புளியறை தாண்டி மலையேறும் லாரிகள் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும். டீசல் எஞ்சினுக்கு மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டின் உள்பக்கம் அந்த மாவைக் குழைத்துப் பூசிச் சுட்டால் சூடு இரும்பில் இறங்காது, எல்லாம் புகைக்குழாய் வழியே போய்விடும் என்று கோயம்புத்தூரில் யாரோ சொல்ல, வல்லிநாயகம் ஒரு டப்பா வாங்கிவந்தார். மாவில் ஈரம் படக்கூடாது. சாரல் காலத்தில் எங்கள் ஊரில் உப்பே தண்ணீராகிவிடும். அவர் வீட்டில் காய்ந்த இடம் விளக்கு அணையாத சாமி மாடம் ஒன்றுதான். அங்கே வைத்தார். வைத்ததைச் சொல்லவில்லை. அந்த வாரம் காய்ச்சலில் கிடந்த கல்யாணசுந்தரி, திருநீறு என்று எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டாள். லாரிகள் கொதிக்காமல் மலையேறின. இவள்தான் கொதித்தாள்.

அக்குளில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்கு அடியில் நிறுத்தினார்கள். தண்ணீர் அவளிடமிருந்து ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமல் வழிந்து போனது. ஐப்பசியில் உதடு வெடித்து, எலும்பும் தோலுமானாள். ராயகிரியிலிருந்து வந்த அவள் அண்ணன் பார்த்துவிட்டு, போகிற வழியில் பந்தல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்துப் போனார்.

ஒரு மத்தியானம் அவள் படுத்தபடியே புருஷனைப் பற்றி ஏதோ முனகினாள். முகத்துக்கு நேரே கொடியில் தொங்கிய ஈரச்சேலை மொரமொரவென்று காய்ந்தது. சோற்றுக்கு வந்த வல்லிநாயகம் அதைப் பார்த்தார். அவள் வாய்க்கு முன்னால் கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். புகைக்குழாய் எது என்று மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது.

"எதையாவது பேசுட்டி" என்றார்.

"யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

"சரி சரின்னுட்டு எந்திச்சிப் போயிருவியளே."

அவர் ஒரு பழைய டயரை உருட்டிவந்து எதிரே உட்கார்ந்தார்.

மற்றவர்களிடம் பேசிப் பார்த்தாள், சூடு அசையவில்லை. அவர் இருந்தால் மட்டும் வந்தது. அவர் கண் அசந்தால் நின்றது. சீட்டாட்டம் போனது, பிறகு பட்டறையும் கைமாறியது. அவளுக்குச் சதை பிடித்தது. பந்தல்காரர் வேறு வேலைக்குப் போனார். சாரல் காலத்தில் தெருவே ஈரத்துணியோடு அங்கே வரத் தொடங்கியது. "மைனி, இன்னைக்கு அண்ணாச்சியக் கொஞ்சம் நல்லாவே கேளுங்க, போர்வை ரெண்டு கெடக்கு" என்று அடுத்த வீட்டு நூர்நிஷா கொடியைக் கட்டுவாள்.

1985-இல் வல்லிநாயகத்தின் புருவங்கள் கருகி உதிர்ந்தன, திரும்ப முளைக்கவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் தன்னை விட்டுவிட்டு அவர் சாப்பிட்டு எழுந்ததில் தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கல்யாணசுந்தரி, 1989 கடைசியில் கல்யாணமான மூன்றாம் வருடத்து ஆடி மாதத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.