வலப்பக்கம் ஏன் அகலம்?

1

கேகாலையில் ஒரு புகைப்படக் கண்காட்சி. ஒரு படத்தில் மட்டும், சுற்றியிருந்த வெள்ளை அட்டை வலப்பக்கம் ஒரு சாண் அகலமாக இருந்தது. மற்ற மூன்று பக்கமும் நான்கு விரல்தான். பிரேம் போட்டவருக்குக் கை தவறிவிட்டதா? யாரிடமும் கேட்காமல் வீட்டுக்கு வந்து நானே இட்டுக்கட்டியதுதான் இந்தக் கதை.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கோகிலா—

(வேண்டாம். கேகாலையில் எந்தக் கதைதான் மழையில்லாமல் தொடங்குகிறது?)

கோகிலா, படங்களை அச்சிட்டுப் பிரேம் போடும் கடையில் வேலை செய்பவள். ஹில்மி என்ற படப்பிடிப்பாளர் கண்காட்சிக்குக் கொடுத்திருந்த படம் இயந்திரத்திலிருந்து மெல்ல இறங்கியது. ரப்பர் மரம், பால் வெட்டும் கை, பிறகு முகம்.

"ஐயோ, நம்ம சுப்பம்மா அத்தை!"

புளத்கொகுபிட்டியத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கோகிலாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. வலது ஓரத்தில், கலங்கலாக, வாளியோடு அவள் புருசன் வேலுசாமி. அவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

ஹில்மி போனில் சொன்னார்: "அந்த ஓரத்து ஆளு கண்ண இழுக்கிறாரு. வெட்டிருங்க தங்கச்சி."

கோகிலா ரூலரை வைத்தாள். பிளேடை எடுத்தாள். கீழே வைத்துவிட்டாள்.

3

இந்த இடத்தில் கோகிலாவை எனக்கே நம்ப முடியவில்லை. வேண்டுமென்றால் இன்னொரு பிரதி அச்சிட்டுக்கொள்ளலாமே, ஒரு காகிதத்துக்கா இவ்வளவு? அவளையே ஹில்மியோடு போனில் பேசவிட்டேன்.

"சேர், அவரு செத்துட்டாருங்க. பிளேடு வைக்கக் கை வரல. மேல அட்டையால மூடிடவா? வலப்பக்கம் கொஞ்சம் அகலமா நிக்கும்."

ஹில்மி ஒத்துக்கொண்டார்.

"மூடிருங்க. முழுப் படமா ஒன்னு அடிச்சு அந்தம்மாவுக்குக் குடுங்க."

4

சுப்பம்மா கோகிலாவோடு கண்காட்சிக்கு வந்தாள். தன் வீட்டில் மாட்டியிருந்த முழுப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், இங்கே தேடினாள்.

"அவரு எங்க புள்ள?"

"இந்த அட்டைக்கு அடியில இருக்காரு அத்தை. வெட்டல."

சுப்பம்மா பிரேம் கண்ணாடியின் வலப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். படம் பார்க்க வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

5

முடிவு ஒன்று: ஹில்மி ஓடிவந்து பிரேமை இறக்கி—

முடிவு இரண்டு: "இருக்கட்டும், கூட்டத்துல நிக்க அவருக்கு எப்பவும் கூச்சம்" என்று சுப்பம்மா—

இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. அவளாக எடுக்கும்வரை அடுத்த வரியை எழுதுவது முறையில்லை என்று படுகிறது. அவசரமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.