கட்டைவிரல் ரீல்

தம்பிக்குச் சாயங்காலம்தான் ஆகாது. பகலில் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை, கை ஓயாது. வீட்டுக்கு வந்துவிட்டால் இருப்புக்கொள்ளாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான், ஃபிரிட்ஜைத் திறந்து வெறுமனே மூடுவான், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பக் கழற்றுவான். குடியை விட்டதிலிருந்து இப்படித்தான். கைக்கும் மனசுக்கும் ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீன் பிடிக்கப் போகிறேன் என்று அவனாகவே சொன்னதும், அக்கா மருந்துக்கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து அவனைத் தூண்டில் கடைக்கு அழைத்துப் போனாள்.

கடைக்காரர் தூண்டில் நரம்பு சுற்றிய இரண்டு ரீல்களை எடுத்து வைத்தார்.

"இது ஸ்பின்னிங் ரீல். தூண்டில் கோலுக்குக் கீழ தொங்கும். இந்தக் கம்பியத் தூக்கிட்டு வீசினா நரம்பு தானா உருவிட்டுப் போகும். பச்சப்புள்ளகூட வீசலாம்."

"இன்னொண்ணு?"

"பெயிட்காஸ்டர். கோலுக்கு மேல உக்காரும். வீசும்போது நரம்பு சுத்தின உருளையே சுத்தும், அதனால கட்டைவிரல் அது மேலயே இருக்கணும். அழுத்தினா நரம்பு போகாது. அசந்தா குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும்."

"கீழ தொங்குறதையே குடுங்கண்ணே," என்றாள் அக்கா.

தம்பி இரண்டின் கைப்பிடியையும் மாற்றி மாற்றிச் சுற்றினான். அவன் கண் அடிக்கடி தெருப்பக்கம் போனது. "வீசிப் பாக்கலாமா?" என்றான்.

"தாராளமா. மீனு ரீலைப் பாத்தா வரப்போகுது?" என்று சிரித்தபடி, நுனியில் ஈயக்குண்டு கட்டிய இரண்டு கோல்களைக் கொடுத்து, கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தைக் காட்டினார் கடைக்காரர்.

ஸ்பின்னிங் ரீலில் முதல் வீச்சிலேயே குண்டு நேராகப் பறந்தது. மூன்றாவது தடவை வீசும்போதே தம்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீசிட்டு சும்மாத்தான் நிக்கணும்போல," என்றான்.

அடுத்து பெயிட்காஸ்டரை எடுத்து வீசினான். குண்டு பாதியிலேயே விழ, உருளை மட்டும் சுழன்று நரம்பு கொத்தாகப் பொங்கியது. அக்கா சட்டென்று அவன் பக்கத்தில் வந்தாள். போன வாரம்தான் சார்ஜர் சரியாகப் பொருந்தவில்லை என்று அதைச் சுவரில் அடித்து, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிப் போனவன். குடிக்கப் போகாமல் தெருமுனையோடு அவன் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"விட்டுத் தள்ளுடா, மொதல் ரீலையே வாங்கிக்கலாம்."

"ஊக்கு இருக்காக்கா?"

கொடுத்தாள். அவன் தரையில் குந்தி, ஒவ்வொரு வளையமாகத் தூக்கத் தொடங்கினான். வெட்டிவிட்டுப் புது நரம்பு சுற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. இருட்டிவிட்டது. அக்கா கைப்பேசி விளக்கைப் பிடித்தபடி கால் மாற்றிக் கால் நின்றாள்.

சிக்கு எடுபட்டதும் எழுந்து மறுபடி வீசினான். மறுபடியும் சிக்கியது.

"சனியன்," என்றபடி திரும்பக் குந்தினான். "இதை வச்சுக்கிட்டு வேற எதையும் நினைக்க முடியாதுக்கா. இதையே வாங்கிக்கறேன்."

அக்கா பணத்தை எடுத்தாள்.

அந்த ஞாயிறு ஏரியில் ஒரு மீனும் மாட்டவில்லை. கட்டைவிரலில் கொப்புளத்தோடு வந்தவன், ரீலைத் திட்டிக்கொண்டே இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான். பிறகு சிக்கிக் கிடந்த ரீலை மேசையில் வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "அந்த ஊக்கைக் குடு," என்றான்.