முப்பத்திரண்டாம் மைலில் பாக்கியம் குளிக்கலாம்

1

இந்தக் கதையை நாற்பது வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் நீங்கள் தேட வேண்டாம்.

மலாக்கா நில அளவை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. காஜா பெராங்கில் கைமாறிய ஒரு வீட்டு மனையை அளக்கப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், செங்கல் அடுக்குகளின் மேல் ஒரு பழைய பலகைப் பஸ் நின்றது. சக்கரமும் இல்லை, என்ஜினும் இல்லை. திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்குவதற்காக உள்ளே ஏறினேன். பஸ்ஸுக்குள் இருக்கைகளே கிடையாது. பின்பக்கம் குறுக்கே ஒரு கட்டில், ஓரத்தில் அடுப்பு மேடை, ஊறுகாய் ஜாடி ஆடாமல் உட்காருவதற்கென்று வட்டமாகக் குழி வெட்டிய ஒரு தட்டு. பலகைச் சுவர் முழுக்கப் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து. எல்லாம் மைல், பாலம், தண்ணீர் என்று ஒரு வழிப்பயணக் குறிப்பு. அதில் மூன்று வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். ஒன்றைத் தலைப்பாக வைத்துவிட்டேன்.

வீட்டைப் புதிதாக வாங்கிய சீனருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜப்பான் காலத்திலிருந்தே கிடக்கிறதாம் என்று மலாயில் சொன்னதோடு சரி. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரர்கள் வந்து அதை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மழைக்கு ஒதுங்கிய அன்று என் காதில் பென்சில் செருகியிருந்தது, கையில் அளவுப் புத்தகம் இருந்தது. மனையின் நீள அகலத்தைக் கவனமாக எழுதினேன். சுவரில் இருந்ததை எழுதிக்கொள்ளவில்லை. 

போன மாதம் எனக்கு வேலை ஓய்வு. என் மனைவி ஜெயா ஒரு விளம்பரத்தை எடுத்து நீட்டினாள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே வைத்த வேன். நியூசிலாந்தின் குளிர்காலம் முழுவதும் நாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். பதினைந்து நாளாக நான் திட்டம் போடுகிறேன். அதாவது, போகாமலிருக்கக் காரணம் தேடுகிறேன். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பஸ் ஞாபகத்துக்கு வந்தது.

2

முதல் தொடக்கம்: ‘1942 ஜனவரியில் மலாக்காவின் வானம் கறுத்து—’

வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதையை ஜெயா படிக்கவே மாட்டாள்.

இரண்டாம் தொடக்கம்: ‘கலியாணசுந்தரத்துக்குச் சின்ன வயதிலிருந்தே ஊர் சுற்றும் ஆசை—’

பொய். அவருடைய சின்ன வயதைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெயரே நான் வைத்ததுதான். பாக்கியம் மட்டும்தான் சுவரில் இருந்தவள். அவள் குளிப்பதற்கு நல்ல தண்ணீர் பார்த்து வைத்த ஒருவர் இருந்தார் அல்லவா, அவரை நான் மைல்கல் மைல்கல்லாகக் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தேறும் போலிருக்கிறது.

3

கலியாணசுந்தரம் முப்பது வருடம் ரோட்டு ஓவர்சியராக இருந்தவர். மலாக்காவிலிருந்து தம்பின் எல்லைக்கல் வரை எந்த வளைவில் மழைநீர் தேங்கும், எந்தச் சிறுபாலம் லாரி ஏறினால் இருமும் என்று அவருக்குத் தெரியும். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஓவர்சியரின் ராஜ்ஜியம். அங்கே அவர் ரோட்டு வழியாகப் போனதே இல்லை. ஊரெல்லாம் பயணம் போகத் தார் போட்டவர், எல்லைக்கல்லோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

1941 நவம்பரில் ஓய்வு பெற்றார். மறுவாரமே, ஓடிக் களைத்த ஒரு டவுன் பஸ் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. சீன ஆசாரியை வைத்துக் கட்டில் போட்டார், அடுப்பு மேடை கட்டினார். பொங்கல் முடிந்த மறுநாள் புறப்பாடு. சிரம்பான், கோலாலம்பூர், தாப்பா. அங்கிருந்து கேமரன் மலை. குளிர்காலம் முழுவதும் பயணம்.

“நம்ம ஊர்ல ஏதுங்க குளிர்காலம்?” என்றாள் மனைவி பாக்கியலட்சுமி.

“மார்கழியும் தையும் பனிக்காலம்னு பஞ்சாங்கத்துல இருக்குல்ல? இங்க பனி கீழ இறங்காது. நாமதான் மேல ஏறிப் போய்ப் பாக்கணும். கேமரன்ல வாயத் தொறந்தா பொகை வருமாம், பாக்கியம்.”

“அடுப்பு ஊதினா இங்கயே வருது.” கம்பளிச் சட்டையின் கையை அளந்துகொண்டே சொன்னாள். கிண்டல் செய்தாலும், அவருக்கும் தனக்குமாக இரண்டு சட்டைகள் பின்ன ஆரம்பித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அது சரி, மத்த விஷயத்துக்கெல்லாம் வழியில எங்க போறது?”

(ஜெயாவும் வேன் படத்தைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் கேட்டாள். எந்தப் பயணத் திட்டத்திலும் இதை முதலில் யோசிப்பவர்கள் பெண்கள்தான்; நாம் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருப்போம்.)

அந்தக் கேள்வியால்தான் அவருடைய வழிப்பயண நோட்டுப் புத்தகம் பிறந்தது. எல்லைக்கல்லுக்கு அப்பால் போய்வரும் லாரிக்காரர்களைப் பிடித்து, எங்கே ஓடை சுத்தம், எங்கே மறைவு, எங்கே நிழல் என்று விசாரித்து மைல் வாரியாக எழுதினார். தொழில் புத்தி போகுமா? கூடவே ஒவ்வொரு பாலத்தின் நீளம், அகலம், எத்தனை டன் தாங்கும் என்பதையும் எழுதினார்.

பொங்கலை ஒட்டி ஜப்பான் படை மலாக்காவுக்குள் வந்தது.

4

[இங்கே இரண்டு பக்கம் போர் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த போர் எல்லாம் அப்பாவின் தட்டில் இருந்த மரவள்ளிக் கிழங்குதான்; அரிசி கிடைக்காத அந்த வருடங்களில் அதையே தின்றுவிட்டு, பிறகு சாகும்வரை அவர் அதைத் தொடவில்லை.]

முதல் வாரத்திலேயே ஜப்பான்காரர்கள் பஸ்ஸின் டயரையும் என்ஜினையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கலியாணசுந்தரம் செங்கல் அடுக்கி, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, பஸ்ஸைச் சாயாமல் நிறுத்தினார். மறுநாள் சாயங்காலம் உள்ளே போய் உட்கார்ந்தார். பாக்கியலட்சுமியும் கிழங்கு வேகவைக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு*, நின்ற பஸ்ஸிலேயே நோட்டை விரித்துப் பயணம். நாளுக்குப் பத்து மைல்.

“இன்னிக்கி எதுவரைக்கும்?”

“ரெம்பாவ் தாண்டி முப்பத்திரண்டாம் மைல். சிறுபாலம். தண்ணி நல்லா இருக்கும், லாரி ஓட்டற தியாகு சொன்னான். நீ குளிக்கலாம்.”

“ஆளுங்க யாரும் வர மாட்டாங்களா?”

“நான் பாலத்து மேல நின்னு பாத்துக்கறேன்.”

அவள் சிரிப்பாள். அரிசி இல்லை, மருந்து இல்லை, துணி இல்லை. தெரிந்த குடும்பங்களிலிருந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன காலம். ஆனாலும் அந்த நாலு மணியை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஜெயாவும் நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நாளுக்கு ஒரு மைலாவது சேர்ந்து போயிருப்போமா என்று தெரியவில்லை.

* ஜப்பான்காரர்கள் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கலியாணசுந்தரம் நோட்டு முழுவதும் புறப்படும் நேரங்களையெல்லாம் அழித்துத் திருத்தினார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

5

இப்போது அவர் செய்த தப்புக்கு வருகிறேன். ரோட்டு ஓவர்சியரைத் தவிர வேறு எவருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது.

பின்வாங்கிய வெள்ளைக்காரப் படை வழிநெடுகப் பாலங்களைத் தகர்த்துவிட்டுப் போயிருந்தது. அடுத்த தெருவில் இருந்த தியாகு, ஜப்பான்காரர்களின் சாமான் ஏற்றும் லாரி ஓட்டினான். அவன் வந்து சொல்லச் சொல்ல, எந்தப் பாலம் உடைந்தது, எதற்குப் பலகை போட்டிருக்கிறது, எது இப்போது எத்தனை டன் தாங்கும் என்று கலியாணசுந்தரம் ஒவ்வொரு பக்கத்தையும் திருத்தினார். போர் முடிந்ததும் புறப்பட வேண்டுமே, வழி சரியாக இருக்க வேண்டாமா?

ஒரு மத்தியானம் தியாகு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“ஓவர்சியர் ஐயா, பாலத்தப் பத்தி யாரோ காட்டுக்குள்ள இருந்து ஜப்பான்காரனோட சண்டை போடறவங்களுக்கு எழுதி அனுப்புறாங்களாம். கெம்பெத்தாய் போலீஸ் வீடு வீடாத் தேடுறான். என்னையும் விசாரிச்சான். உங்க பேர நான் சொல்லல. ஆனா அந்த நோட்டு...”

“என் நோட்டுல என்னப்பா தப்பு?”

“ஐயா, நீங்களே ஒருவாட்டி படிச்சுப் பாருங்க.”

படித்துப் பார்த்தார். முதல்முறையாக வேறொருவன் கண்ணால் படித்தார். பாலம், அகலம், டன், உடைந்தது, சீர்செய்தது, காவல் இல்லை.  அவர் தலை மட்டுமல்ல, தியாகுவின் தலையும் அந்த நோட்டில்தான் இருந்தது.

“அடுப்புல போட்ருங்க,” என்றாள் பாக்கியலட்சுமி.

“ரெண்டு வருஷம் எழுதினது, பாக்கியம்.”

“எனக்கு எல்லாம் மனப்பாடம். போடுங்க.”

அவரால் முடியவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, என்னாலும் முடிந்திருக்காது. வெகுநாளாகக் காலியாக இருந்த ஊறுகாய் ஜாடிக்குள் நோட்டைச் சுருட்டிச் செருகி மூடினார். தியாகு தலையில் அடித்துக்கொண்டு பின்வழியாகப் போனான்.

ஒரு மணி நேரத்தில் முன்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

6

(எழுதியதை ஜெயாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அந்தம்மா ஏன் சும்மா நிக்குது? ஊறுகா ஜாடி யாரோட சாமான்? அதுகிட்டதான இருக்கும்?”

“அவர்தானே கதாநாயகர்?”

“அப்படின்னு நீங்க சொல்றீங்க.”

அவள் சொன்னதிலிருந்து எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நேரமும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே எழுதிவிட்டேன். அடுப்புப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.)

7

இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்கு மொழி பெயர்க்க வந்தவன் சுப்பையன், முன்பு கடைத்தெருவில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். கலியாணசுந்தரம் வாசலுக்குப் போய் இடுப்பு வளைய வணங்கினார். அவர்கள் நேரே பின்னால் போய்ப் பஸ்ஸுக்குள் ஏறினார்கள்.

“இந்தப் பஸ் எதுக்குன்னு கேக்கறாங்க,” என்றான் சுப்பையன்.

“சமையலுக்கு.”

“கட்டில் போட்டிருக்கே?”

 ஒரு சிப்பாய் ஜாடி இருந்த தட்டைத் துப்பாக்கி முனையால் தட்டினான். ஜாடி குழிக்குள் கிடுகிடுத்தது. சுப்பையன் அதை எடுப்பதற்காகக் கையை நீட்டினான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாக்கியலட்சுமி அடுப்பைவிட்டு எழுந்தாள்—

இதற்குமேல் என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: சுப்பையன் திறக்கிறான், ஜாடி காலி. அவர் வாசலுக்குப் போன நேரத்தில் அவள் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டாள். கிழங்குச் சட்டிக்கு அடியில் எரிவது அதுதான். அவர் உயிர் பிழைக்கிறார். அவளோடு மூன்று நாள் பேசாமலிருக்கிறார்.

இரண்டாவது: நோட்டு அவன் கையில் அகப்படுகிறது. புரட்டுகிறான். ‘பாக்கியம் குளிக்கலாம்’ என்ற வரியில் அவன் கண் நிற்கிறது. எந்த உளவாளி இப்படி எழுதுவான்? தலை குனிந்து நிற்கும் அந்த அம்மாளைப் பார்க்கிறான். “சமையல் குறிப்பு,” என்று சிப்பாய்களிடம் சொல்லி, நோட்டைத் தன் கையாலேயே அடுப்பில் போடுகிறான். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

மூன்றாவது: அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நோட்டையும். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

8

மூன்று முடிவிலும் நோட்டு போய்விடுகிறது, கவனித்தீர்களா? நான் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. நான் பார்த்தது சுவரில் இருந்த எழுத்து. நோட்டு கையில் இருந்தால் யாராவது பலகையில் எழுதுவார்களா?

ஆக, யாரோ ஒருவர் பிறகு அந்தப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, மனத்தில் இருந்ததையெல்லாம் மைல் மைலாகச் சுவரில் இறக்கியிருக்கிறார். அவரா, அவளா? அவர் என்றால், பிழைத்துக்கொண்டார். அவள் என்றால், அவர் பக்கத்தில் இருந்தாரா, அல்லது அவள் தனியாக உட்கார்ந்து, தினமும் நாலு மணிக்கு, நாளுக்குப் பத்து மைல் எழுதிக் காத்திருந்தாளா? கையெழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அப்போது மழை எப்போது விடும் என்பதுதான் கவலை.

மனப்பாடமான மூன்று வரிகளையும் தந்துவிடுகிறேன். மிச்சம் உங்கள் பொறுப்பு.

அடுப்புக்கு மேலே: ‘32ஆம் மைல். சிறுபாலம். தண்ணீர் நன்று. பாக்கியம் குளிக்கலாம்.’

கட்டில் தலைமாட்டில்: ‘சிரம்பான். இங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். அவசரம் ஒன்றுமில்லை.’

ஓட்டுநர் இடத்துக்கு நேர் மேலே, கடைசியாக, மற்றதைவிடக் கொஞ்சம் அழுத்தி: ‘தாப்பா. இனி மேடு. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.’

யார் யாருக்குச் சொன்னது இது? ஜெயாவைக் கேட்டேன்.  வேன் விளம்பரத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அலமாரி திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் ஸ்வெட்டரை உதறி, கை நீளம் சரியாக இருக்கிறதா என்று தன் கையோடு வைத்து அளந்துகொண்டிருக்கிறாள்.