வெர்லன் ஸ்டோக்லி யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை

ஒடெஸா அம்மாளின் சாப்பாட்டுக் கடையில் வியாழக்கிழமை மதியம் மூலை மேஜையில் வேறு யாரும் உட்கார்வதில்லை. அது ஃபுட்பால் சங்கத்தின் மேஜை. சங்கத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர், தலைவர்களும் நான்கு பேர். அந்த வியாழன், பொரித்த கெளுத்தி மீன் வந்து ஆறிப்போயும் நான்கு தலைவர்களில் ஒருவர்கூட அதில் கை வைக்கவில்லை.

காலைப் பத்திரிகை அப்படி இடியை இறக்கியிருந்தது. தல்லவாசி பல்கலைக்கழக அணியில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஜவோரிஸ் பெட்வேயை விசாரணை முடியும்வரை ஆடவிடாமல் உட்கார வைத்துவிட்டார்கள். கல்லூரி ஆட்டக்காரன் படிப்புச் செலவுக்கு மேல் யாரிடமும் ஒரு துரும்பு வாங்கக்கூடாது. ஜவோரிஸோ புத்தம்புது பிக்கப் வண்டியில் சுற்றுகிறானாம். ‘பல்கலைக்கழகத்தின் நலம்விரும்பி ஒருவர் முறையற்ற சலுகைகள் வழங்கியதாகத் தெரிகிறது’ என்று எழுதியிருந்தார்கள்.

“நலம்விரும்பியாம்ல, நலம்விரும்பி!” மருந்துக்கடை ராய்ஸ் டிட்மோர் பத்திரிகையை மீன் மேலேயே போட்டார். “பேரைப் போட மட்டும் தைரியம் கிடையாது.”

“பேரு எதுக்குய்யா? அதான் ஊருக்கே தெரியுமே,” என்றார் டாயல் ரெய்னி. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எதிரில் இருப்பவர்களை எட்டாம் வகுப்பாகவே பார்ப்பவர்.

மூன்று பேரும் வெர்லன் ஸ்டோக்லியைப் பார்த்தார்கள். வெர்லன் தட்டைப் பார்த்தார்.

அப்படிப் பார்ப்பதற்கு அந்த ஊரில் ஓர் அர்த்தம் இருந்தது. கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்பவன் மடையன். கொடுக்கவில்லை என்று சொல்பவன் கஞ்சன். கௌரவமானவர்கள் தட்டைப் பார்ப்பார்கள். பிறகு மெதுவாக, “அதப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்ல” என்பார்கள். வெர்லன் அதையும் சொன்னார்.

“பாத்தியா, பாத்தியா!” ராய்ஸ் தொடையில் தட்டினார். “இந்த மனுஷன் கல்லுய்யா, கல்லு. சரி, கொடுத்தா என்ன குத்தம்? நம்ம எதிரி அணி பிரஸ்காட் டெக்காரன் கொடுத்தா அது லஞ்சம். நம்ம கொடுத்தா பாசம்.”

“ரெண்டுலயும் ஒரே நோட்டுதானே?” என்றார் லமார் கேட்டோ. ஊரில் வீடு வீடாகத் தபால் போட்டவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் யாருக்காவது உறுத்தும்.

டாயல் கையைத் தூக்கி வகுப்பை அடக்கினார். “ரெண்டுமே தப்பு. மாணவன் விளையாட்டுன்னா புனிதமானது. அதுல காசு நுழைஞ்சா போச்சு.”

“கோச்சுக்கு வருஷத்துக்கு முப்பது லட்சம் டாலர் போகுதே வாத்தியாரே. அது என்ன, கோயில் காணிக்கையா?” என்றார் கேட்டோ.

“அது சம்பளம். இது ஒழுக்கம்.”

“பையனுக்கு வெறும் ரொட்டி கொடுக்கலாமாம், அதுமேல ஏதாவது தடவினா விதிமீறலாமே. ஒழுக்கம் வெண்ணெயிலதான் வழுக்குது போல,” என்று கேட்டோ சோள ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்.

வெர்லனுக்கு அன்று மனம் குளிர்ந்திருந்தது. பையன் உட்கார்ந்திருப்பதில் வருத்தம்தான். ஆனால் பேரே இல்லாமல் தான் பத்திரிகையில் வந்துவிட்டதை எண்ணி அந்த வருத்தத்தை மென்று விழுங்கிக்கொண்டார்.

உண்மை இவ்வளவுதான்: வெர்லன் ஸ்டோக்லி, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர், ஜவோரிஸ் பெட்வேக்கு ஒரு சல்லிக்காசு கொடுத்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன், ரசிகர்கள் ஆட்டக்காரர்களைச் சந்திக்கும் நாளில் ஒரே ஒரு முறை கைகுலுக்கியிருந்தார். அடுத்த வியாழன் ராய்ஸ், “கையில என்னய்யா வச்சு அமுக்குனே?” என்று வேடிக்கையாகக் கேட்டபோது வெர்லன் மீனில் முள் தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது மூன்று பேரும் தன்னைப் புது மனிதனைப் போலப் பார்ப்பது தெரிந்தது. நாற்பது வருஷம் ஊராரின் கழிவை அள்ளியவரை முதல் தடவையாக ஒருவர், “சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனுஷன்தான்” என்றார். அந்த வார்த்தைக்காக எத்தனை வியாழன் வேண்டுமானாலும் தட்டைப் பார்க்கலாம் போலிருந்தது.

வீட்டில்தான் அது இடித்தது. மனைவி நேடீனும் ஊரோடு சேர்ந்து நம்பினாள். “யாரோ பெத்த பிள்ளைக்குக் காசு. எனக்கு இந்த ஓட்டை அடுப்பு,” என்று மூன்று வருஷமாக முணுமுணுத்தாள். கொடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வீட்டிலும் தட்டைப் பார்த்தார்.

ஜவோரிஸ் இல்லாத அணி அச்சாணி கழன்ற வண்டி போல இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து தோற்றது. ஊரின் பார்வை மாறியது. பெட்ரோல் பங்கில் ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான்: “கொடுக்கத் தெரிஞ்சவனுக்கு மறைக்கத் தெரியாதா, மிஸ்டர் வெர்லன்?” மூலை மேஜையில் வேறு கேள்வி முளைத்தது. காட்டிக் கொடுத்தது யார்? ராய்ஸ் கேட்டோவைச் சந்தேகப்பட்டார். தபால்காரனுக்குத் தெரியாத ரகசியம் உண்டா? கேட்டோ டாயலைச் சந்தேகப்பட்டார். புனிதம் பேசுகிறவன் புகாரும் எழுதுவான். டாயல் எல்லோரையும் சந்தேகப்பட்டார், பழக்கத்தால்.

அதே வாரம் கடைக்கு ஒரு வேற்றாள் வந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெற்கே யாருமே குடிக்காத, சர்க்கரை போடாத தேநீர் கேட்டான்.

“கேட்டியா?” ராய்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். “சர்க்கரை வேணாமாம். வடக்கத்தியான். விசாரணைக்காரன் இவன்தான்!”

உடனே மேஜை கட்டுப்பாடானது. அவன் காதில் விழும்படி, தல்லவாசி ரசிகர்கள் எவ்வளவு ஏழைகள், எவ்வளவு நாணயமானவர்கள் என்று உரக்கப் பேசிக்கொண்டார்கள். ஜவோரிஸ் யாரென்றே தெரியாது என்றுகூட ராய்ஸ் சொன்னார். அவர் மார்பில் ஜவோரிஸின் எண் போட்ட சட்டை இருந்தது. அந்த மனிதன் விதை விற்க வந்த சர்க்கரை நோயாளி. பயந்துபோய்ப் பாதித் தேநீரோடு எழுந்துவிட்டான்.

பக்கத்து மேஜையில் சிவப்புக் கண்ணாடி போட்ட பெண்மணி ஒருத்தி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வாரமாக வருகிறவள். அவளை யாரும் யாரென்று கேட்கவில்லை. இனிப்புத் தேநீரில் இன்னும் சர்க்கரை கேட்டு, வாழைப்பழப் புட்டிங் இரண்டாம் கிண்ணம் வாங்கிச் சாப்பிடுகிறவள் வேற்றாளாக இருக்க முடியுமா?

“அந்தப் பையனுக்கு நீங்கதான் ஒத்தாசையாமே, சார்?” என்று அவள் வெர்லனிடம் மரியாதையாகக் கேட்டாள்.

வெர்லன் தட்டைப் பார்த்தார். அவள் புட்டிங்கை வழித்து முடித்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை வெர்லனின் அலுவலகத்துக்கு ஜவோரிஸின் தாய் அர்லீன் பெட்வே வந்தாள். தொடக்கப் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். தலைமுடிமேல் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

“உட்காருங்க, மிஸ் அர்லீன்.”

“உட்கார நேரமில்ல, மிஸ்டர் வெர்லன். வேலைக்கு நடுவுல வந்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம்பிள்ளைக்கு நீங்க ஏதாவது கொடுத்தீங்களா?”

“அதப் பத்தி நான்...” வெர்லனின் கண் தானாகக் கீழே இறங்கியது.

“எதைப் பாக்குறீங்க? இங்க தட்டு இல்ல,” என்றாள் அர்லீன்.

வெர்லன் நிமிர்ந்தார்.

“அந்த வண்டி எங்கண்ணனோடது. மொபீல் துறைமுகத்துல கப்பல் கட்டுற இடத்துல இருக்கான். முழங்கால் போச்சு, மருமகனுக்கு ஓட்டக் கொடுத்தான். காகிதம் பூரா கொண்டுபோய்க் காட்டியாச்சு. வண்டியில குத்தமில்லைன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. ஆனா ஒரு ஆள் தானே கொடுத்த மாதிரி ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியும்போது நான் எப்படிம்மா விசாரணையை மூடறதுன்னு கேக்குறாங்க.”

“எந்தம்மா?”

“விசாரணைக்கு வந்தவங்க. மிஸ் விட்லோ. சிவப்புக் கண்ணாடி.”

வெர்லனுக்குக் காது சுட்டது.

“சனிக்கிழமை பிரஸ்காட் டெக் ஆட்டம். எம்பிள்ளையைப் பாக்கத் தொழில்முறை அணிக்காரங்க ஏழு பேர் வர்றாங்க. ஆடலைன்னா பாக்காமலே போயிருவாங்க. அவன் ஒருத்தன் ஓட்டத்தைத்தான் நாங்க அஞ்சு பேரும் நம்பியிருக்கோம்.” அவள் குரல் உயரவில்லை. “உங்களுக்கு இது பெருமை. எனக்கு என்ன தெரியுமா? என் நாத்தனார் கடன் கேட்டா, இல்லைன்னேன், பேச்சை நிறுத்திட்டா. பாஸ்டர் ஒழுகுற சர்ச்சுக் கூரையைக் காட்டிக் காட்டிப் பிரசங்கம் பண்றாரு. நீங்க கொடுக்காத காசுக்கு நான் மூணு வருஷமா பதில் சொல்றேன். கொடுத்திருந்தா சொல்லுங்க, எங்க இருக்குன்னு தேடிப் பாக்குறேன். கொடுக்கலைன்னா, அதைப் போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெர்லன் வாயையே திறக்காமல் கெட்டவர். புதன்கிழமை சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனார்.

மிஸ் விட்லோ அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். வெர்லன் வங்கிக் காகிதங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். அவள் பெட்டியைத் தொடக்கூட இல்லை.

“வேண்டாம் சார். நான் முதல் நாளே நம்பிட்டேன்.”

“என்னன்னு?”

“நீங்க எதுவும் கொடுத்திருக்க மாட்டீங்கன்னு.”

வெர்லனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏனோ கோபம் வந்தது. “ஏன், என்னைப் பாத்தா கொடுக்கிற ஆள் மாதிரி தெரியலையா?”

“பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குறேன். கொடுக்கிறவங்க சாப்பிடும்போது தட்டைப் பாக்க மாட்டாங்க. வாசலைப் பாப்பாங்க.” அவள் ஒரு தாளை நகர்த்தினாள். “இதுல கையெழுத்துப் போடுங்க. இனிமே ஒரு சாடை காட்டினாலும் கோப்பைத் திரும்பத் திறப்பேன், நினைவு வச்சுக்குங்க.”

‘வெர்லன் ஸ்டோக்லி ஆகிய நான், யாருக்கும், எப்போதும், எதுவும் கொடுத்ததில்லை’ என்று இருந்தது.

“‘யாருக்கும்’னு இருக்கே. ‘எந்த ஆட்டக்காரருக்கும்’னு மாத்தக் கூடாதா? சர்ச்சுக்குக் கொடுத்திருக்கேன்ல.”

“எவ்வளவு?”

வெர்லன் சிறிது யோசித்தார். பிறகு இருந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பத்திரிகை அதை எழுத்துப் பிசகாமல் வெளியிட்டது. பக்கத்திலேயே ஜவோரிஸ் சனிக்கிழமை ஆடுவான் என்ற செய்தி. வெர்லன் ஒடெஸா கடைக்குள் நுழையும்போது முதுகில் வியர்த்தது. மூலை மேஜை எழுந்து நின்று கை தட்டியது.

“என்ன மூளைய்யா உனக்கு!” ராய்ஸ் கட்டிப் பிடித்தார். “எழுத்து மூலமாவே புளுகிட்டியே! பையனுக்காக மானத்தையே வித்துட்டான்யா!” புட்டிங் ஒன்று அவர் செலவில் வந்து வெர்லன் முன் உட்கார்ந்தது. “எங்ககிட்ட மட்டும் சொல்லு. அத்தனையும் பொய்தானே?”

கடை முழுக்கக் காதாக இருந்தது. கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். சாகும்வரை அவர் பெரிய மனுஷன். ஆனால் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“நான் கொடுக்கல,” என்றார் வெர்லன், கடைசி மேஜைக்கும் கேட்கும்படி. “ஒரு டாலர்கூட. அந்தக் காகிதத்துல இருக்கிறது உண்மை. நீங்க முதமுதல்ல கேட்டப்ப நான் முள்ளு எடுத்துக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்.”



முதலில் பொங்கியவர் புனிதம் பேசிய டாயல்தான். “மூணு வருஷம்! ஒரு ஐஸ்கிரீமாவது வாங்கிக் கொடுத்தியா? அந்தப் பிள்ளை உசிரைக் கொடுத்து ஓடுறான், நீ உக்காந்து மீன் திங்கிறே! நீயெல்லாம் ஒரு ரசிகனா?”

“நீங்க என்ன கொடுத்தீங்க, வாத்தியாரே?” என்று கேட்டோ கேட்டார்.

“நான் கொடுத்தேன்னு யார்கிட்டயாவது காட்டிக்கிட்டேனா?”

ராய்ஸ் புட்டிங் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் ஜவோரிஸ் மூன்று முறை எல்லைக்கோட்டைக் கடந்தான். மூன்றாவது ஓட்டத்தில் அறுபது கஜம், அவனைத் தொட வந்தவர்கள் அவன் விட்டுப்போன காற்றைத்தான் பிடித்தார்கள். கீழ் வரிசையில் அர்லீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை வெர்லன் பார்த்தார். அவர் இருந்த வரிசையில் டாயலும் ராய்ஸும் நான்கு இருக்கை தள்ளி மாறி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரோடு கையில் கை அடித்துக் கொண்டாடவில்லை. ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினார்.

திரும்பும் வழியில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. நேடீன் வானொலியைப் போட்டாள். ரசிகர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி. பிரஸ்காட்காரன் ஒருவன் அழாத குறையாகப் பேசினான்: “மூணு வருஷமா கொடுத்தேன்னு மினுக்கினவன், ஆட்டத்துக்கு மூணு நாள் இருக்கும்போது இல்லைன்னு எழுதிக் கொடுக்கிறானாம். எவனாவது சும்மா தன் மானத்தைத் தானே வாங்கிக்குவானா? அந்த ஆளுக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு விசாரிக்கணும்!”

“நியாயமான கேள்வி,” என்றார் நிகழ்ச்சி நடத்துபவர். “அடுத்து தல்லவாசியிலிருந்து ஒரு நேயர்.”

“பேரு வேணாம்,” என்றது ராய்ஸின் குரல். “ஆனா எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு.”

நேடீன் சத்தத்தைக் குறைத்தாள். வெர்லன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“எவ்வளவு, வெர்லன்?”

“ஒண்ணுமே இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல, நேடீன்.”

“அதைத்தான் பேப்பர்ல படிச்சேனே,” என்றாள் அவள். “இப்ப என்கிட்ட சொல்லு.”