நொண்டி வண்டி

அரசாங்கம் என்னையும் என் மகளையும் மாக்னுஸின் வீட்டு மாடியறையில் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து, அவர் என்னை ஹெர்மீனா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. போரில் ஊரை இழந்து ஜெர்மனியின் இந்த அல்காய் மலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவரிடம் ஒரே பெயர்தான். அகதி.

என் மோட்டார் சைக்கிளைக் கண்டால் அவருக்கு இன்னும் ஆகாது. தொழிற்சாலையில் குழாய் வளைக்கிற என் தம்பி வாங்கிக் கொடுத்தது. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே பக்கம்தான் பிடிமானம். புகை போகிற குழாயே பின்சக்கரத்தையும் தாங்கும்.

"பாதி வண்டிதான் இருக்கு. மீதிய ரஷ்யாக்காரன் புடுங்கிட்டானா?" என்பார் மாக்னுஸ்.

"உங்க மருமகன் வண்டி முழுசாத்தான் இருக்கு, மேட்டுல ஏறக் காணோமே" என்பேன் நான்.

மருமகனை இழுத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மேல் குடியிருப்புகளுக்குத் தபால் கொண்டுபோகும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு ஒரு வாரம் சோதனை ஓட்டம். மேலே போய், அங்குள்ள தபாலை வாங்கிக்கொண்டு, அதை ஏற்றிச் செல்லும் பஸ் கிளம்பும் முன் இறங்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வேலை அந்த மருமகனுக்கு. கிடைத்தால் எனக்குத் தபால் ஆபீஸ் மாடியில் அறை உண்டு. மாக்னுஸின் முகத்தில் விழிக்க வேண்டாம்.

கடைசி நாள் காலையில் பாறை வளைவில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வழியெங்கும் மலை பூட்ஸிலிருந்து பிடுங்கிய ஆணிகள். யார் வேலை என்று கேட்கவே வேண்டியதில்லை. முந்தின நாள் வாசலில் குறடும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் மாக்னுஸ்தான். ஆனால் இந்த வண்டிச் சக்கரத்தைக் கழற்ற மூன்று நட்டுதான், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு. பின்னால் கட்டியிருந்த உபரிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு, ஆணி கிடந்த இடம் தாண்டும்வரை தள்ளிப்போய், பிறகு ஏறினேன்.

சற்று மேலே மணிச் சத்தம் கேட்டது. உச்சியில் பனி விழுந்துவிட்டதாம். கோடை முழுக்க மேலே மேய்ந்த ஊர் மாடுகள் அத்தனையையும் மேய்ப்பர் வெண்டலின் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வந்தார். அவருடைய ஆட்கள் எனக்கு ஓரம் விட்டார்கள். பேசாமல் போயிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். முன்னால் வந்தது மாக்னுஸின் பசு. நொண்டட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மாடு எதுவும் என்னை அகதி என்று கூப்பிட்டதில்லை.

"கீழ வளைவுல பூரா ஆணி. மாட்ட நிறுத்துங்க" என்றேன்.

"எவன் போடுவான்?" என்றார் வெண்டலின்.

டயரில் தைத்த ஆணியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மந்தையை நிறுத்தினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மாடுகள் நெருக்கியடித்து நின்றதில் ஒரு ஆடுகூட நுழைய முடியாது. நானும் நின்றேன்.

பனி விழுந்த செய்தி கேட்டு மாட்டுக்காரர்கள் கீழிருந்து ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மாக்னுஸ், மூச்சிரைக்க. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே முழங்காலிட்டு ஆணிகளைப் பொறுக்கித் தொப்பியில் போட்டார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மேலே போய்த் தபாலோடு திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டது.

"லேட்டாயிடுச்சும்மா" என்றார் தபால் அதிகாரி.

"ஏன்னு இவர கேளுங்க" என்று, வாசலில் மாடுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வெண்டலினைக் காட்டினேன்.

வெண்டலின் தரையைப் பார்த்தார். "மேல பனி. மாடு வழிய அடைச்சிடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

ஒரு மாடும் நொண்டவில்லை. ஆகவே ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை.

மறுநாள் மாக்னுஸ் மாடியேறி வந்தார். வேலை கிடைத்த மருமகனின் பளுவான வண்டி இரண்டாவது மேட்டிலேயே படுத்துவிட்டதாம்.

"உன் வண்டிய குடு. உனக்குத்தான் வேலை இல்லையே."

"என் பேரு என்ன?" என்றேன்.

அவர் கையை மட்டும் நீட்டினார். அவரை விலக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் கண்ணெதிரிலேயே இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். ஆளுக்கொன்றாக நானும் மகளும் தூக்கிக்கொண்டு மாடியேறினோம்.

"தபால் ஆபீஸ் அதிகாரிய வந்து கேக்கச் சொல்லுங்க" என்றேன். "ஹெர்மீனா வேணும்னு கேக்கணும்."