இடது கண்ணின் நூல்கள்

நில அளவையாளரின் மகளுக்கு, பிறந்த நாற்பதாம் நாள், இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் வெள்ளை நூல்கள் முளைத்தன. அவள் எதைப் பார்த்தாளோ அதைப் போய்த் தொட்டன: அம்மாவின் முகம், ஜன்னல் கம்பி, மேசை விளக்கு. அடிக்கடி பார்த்ததற்குப் போன நூல் தடித்தது. பார்க்காமல் விட்டதன் நூல் இரண்டு மூன்று நாளில் உதிர்ந்தது. அம்மா அதைக் காலையில் பெருக்கி முறத்தில் அள்ளினாள். வீட்டார் குனிந்தும் தாண்டியும் நடக்கப் பழகிக்கொண்டார்கள். அளவையாளரை உறுத்தியது வேறு. மகளின் இடது கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஊரின் எல்லைத் தகராறுகளை ஒரு அளவுச் சங்கிலியைப் பிடித்தே தீர்த்து வைத்தவர் அவர். அவர் போட்ட கோடு நேர்கோடு என்று தோற்றவனும் ஒப்புக்கொள்வான். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கோணல். டாக்டரிடம் போனால் விஷயம் நாலு பேர் வாயில் விழும் என்று, மகளுக்கு ஒரு வயதானபோது இடது கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டச் சொன்னார். கேட்டவர்களிடம் கண்வலி என்றார். கண்வலி ஒன்பது வருடம் நீடித்தது.

அவருடைய அக்கா மட்டும் வரும்போதெல்லாம் சீண்டினாள். "ஏண்டா, மூடி வெச்சா நேராயிடுமா? உன் வாயையும் ஒரு வாரம் கட்டிப் பாரேன்."

"நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கட்டும்க்கா" என்றார்.

இடப்பக்க நூல்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது முறம் நிறைய அவற்றைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார். அவை விட்ட இடங்களையெல்லாம் வலது கண்ணின் நூல்கள் பிடித்துக்கொண்டன. விளக்குக்குப் போனது ஈரத்துணி காயப்போடும் அளவுக்குத் தடித்தது. மூன்றாம் வருடம் இடப்பக்கம் பெருக்க எதுவும் மிஞ்சவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது, தன்னை யாருக்கும் தெரியாத வெளியூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அவள் கண்ணை நேராக்க வைத்தார். கட்டுப் பிரித்த பிறகும் அந்தப் பக்கம் ஒரு நூல்கூட முளைக்கவில்லை.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல சார்" என்றாள் டாக்டரம்மா. "அது அனுப்புறத உள்ள வாங்கிக்கத்தான் ஆள் இல்ல. அந்த இடத்தையெல்லாம் மத்த கண்ணு எடுத்துக்கிச்சு." பழைய கறுப்புத் துணியைக் கையில் புரட்டிப் பார்த்தாள். "கட்டினதுதான் கட்டினீங்க, அப்பவே நல்ல கண்ணுல கட்டியிருந்தா இதுக்கும் வேலை கெடச்சிருக்கும். பொழச்சிருக்கும்."

"இப்பக் கட்டினா?"

"கட்டிப் பாருங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அதே துணியை வலது கண்ணில் கட்டினார். ஒரு வருடம் மகள் கதவிலும் சுவரிலும் இடித்துக்கொண்டு நடந்தாள். கடைசியில் இடது நெற்றிப்பொட்டில் ஒரே ஒரு நூல் முளைத்து, ஒரு சாண் வளர்ந்து நின்றது. மாலை தவறாமல் அந்த ஒரு சாணுக்குள் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பா, அங்கதான இருக்கீங்க?"

"இங்கதாம்மா."

நூல் ஒருமுறை அவர் கன்னத்தைத் தொட்டது. அடுத்த வாரம் உதிர்ந்தது. "போதும்பா" என்று அவளே துணியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

மகளுக்கு இப்போது முப்பது வயது. கண்கள் இரண்டும் அப்பா போட்ட கோடு மாதிரி நேர் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சாப்பிடும்போது அவர் அவளுக்கு இடப்பக்கமே உட்காருகிறார்; பல நாள் அவர் அங்கிருப்பது அவளுக்குத் தெரிவதில்லை. காலையில் வீட்டைப் பெருக்குவது இப்போது அவர்தான். வலப்பக்கம் எப்போதும்போல் ஒரு முறம் சேரும். அதைக் கொட்டிவிட்டு வந்து இடப்பக்கமும் பெருக்குகிறார்.